மூன்றாம் ஓலைக்கு முன்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து படித்தேன். நேற்றுக் காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இன்னொரு முறை படித்தேன். புத்தகத்தை எடுத்தவுடன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விடையைத் தேடும் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் என் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ கேட்ட தாளை நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் மேடை ஏறப் போகிறேன். அதற்கு அடுத்த நாடகத்திலும் ஏறுவேன். இனி மேலே படி, நிதானமாகப் படி.

உன் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாகிவிட்டது. இங்கே நம் மாதா கோயிலிலும், காட்டூரில் ஸ்டெல்லா வீட்டார் போகும் கோயிலிலும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று சாமியார் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது ஓலை வரும் ஞாயிறு. அதற்குள், இனி நாடகத்திலும் சினிமாவிலும் நடிப்பதில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஸ்டெல்லாவின் அப்பா உனக்கு எழுதியிருக்கிறார். "குடும்ப கௌரவத்தை உத்தேசித்து, தாங்கள் இதற்கு இணங்குவதே உசிதம்" என்று நீ எனக்கு எழுதியிருக்கிறாய். இந்த இருபத்து நான்கு வருஷத்தில் உசிதம் என்ற சொல்லை உன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அது சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஸ்டெல்லாவின் அப்பாவுடைய சொல். எந்த வசனம் யாருடையது என்று கண்டுபிடிப்பது எனக்குப் பழகிப்போன வேலை. அது எப்படிப் பழகியது என்பதை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது வருஷத்துக்கு ஒரு நாடகம் உண்டு. நாடகத்துக்கு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் இருக்கும். அது மதர் கையில் இருக்கும். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய வசனத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அவள் பேச வேண்டிய இடம் தெரிவதற்காக, அதற்கு முன்னால் மற்றவள் பேசும் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் மேலே இருக்கும். என் கையெழுத்து குண்டு குண்டாக இருந்ததால் எல்லோருக்கும் பிரித்து எழுதித் தருகிற வேலை என்னுடையது. நான் அலமாரியில் இருக்கும் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை படிக்கிற பெண். அச்சிட்ட அச்சகத்தின் பெயரைக்கூட விடமாட்டேன். அப்படிப்பட்டவளிடம் முழு நாடகத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? ராஜா, மந்திரி, தோழி, காவலாளி எல்லோருடைய பாடமும் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். யாருக்காவது ஜுரம் வந்தால் நான்தான் கரியால் மீசை வரைந்துகொண்டு நிற்பேன். மற்றவர்கள் பேசும்போது என் உதடும் கூடவே அசைந்துகொண்டிருக்கும். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. கடைசி பெஞ்சுக்கு அது தெரியவும் தெரியாது.

உன் அப்பாவின் ஆபீஸ்காரர்கள் நாடகக் குழு வைத்திருந்தது உனக்குத் தெரியும். அங்கே பெண் வேடம் போட்டுக்கொண்டிருந்தவரை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நோட்டீஸ் அச்சாகிவிட்டது, நாடகத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "உனக்குத்தான் எல்லார் பாடமும் மனப்பாடம் ஆயிடுமே, நீயே வாயேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. சரி என்றுவிட்டேன். அப்போது உனக்கு ஐந்து வயது. நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருவானைக்காவலில் நடந்த அந்த நாடகத்தைப் பற்றி மறுநாளே தலைமை ஆசிரியை மதர் காதுக்கு எட்டிவிட்டது. கூப்பிட்டார்கள். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். "டீச்சர், நீங்க ராணியா நடிங்க, பிச்சைக்காரியா நடிங்க. திங்கக்கிழமை காலைல பிரேயருக்கு மூஞ்சில அரிதாரம் இல்லாம வந்து நிக்கணும். நோட்டீசுல பேரு வரக்கூடாது. அவ்வளவுதான்" என்றார்கள். அன்றிலிருந்து பல வருஷம் நோட்டீஸில் நான் 'மற்றும் பலர்' தான். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. வருத்தம் இல்லை என்று உன்னிடம் பல தடவை சொன்னேன். அது பொய்.

சினிமாவுக்குப் போனது ஒரு கோடை விடுமுறையில். கதாநாயகனின் அக்கா வேடம். சென்னையில் முதல் நாள், கதாநாயகன் அழுதுகொண்டே நீளமாகப் பேச வேண்டும், நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. கேமரா என் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. "கட்" என்றார் டைரக்டர். மறுபடி எடுத்தார்கள். மறுபடி "கட்". நான்காவது தடவை அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "அம்மா, அவர் வசனத்தையும் நீங்களே சொல்லிட்டிருக்கீங்க. அவரை வீட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றார். லைட் பிடித்தவர்கள் வரை சிரித்தார்கள். கதாநாயகன் சிரிக்கவில்லை. அவர் நான்கு தடவை அழுது முடித்திருந்தார். ஐந்தாவது தடவை நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முகம் கோபமாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் என்னைத் திருப்பி நிற்கவைத்து, முதுகுப்பக்கமாக எடுத்துக்கொண்டார்கள். படம் திருச்சிக்கு வந்தபோது உன்னையும் கூட்டிக்கொண்டு போனோம். தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி நீ, "அப்பா, அதோ அம்மா கொண்டை" என்று கத்தினாய். முன் வரிசைக்காரர் திரும்பி, "எந்தக் கொண்டை தம்பி?" என்று அக்கறையாகக் கேட்டார். உன் அப்பா வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை. இனி யாரும் என்னைத் திருப்பி நிறுத்தக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, நீங்கள்தான் திருத்த வேண்டும் என்றேன். ஒருத்தி பாடத்தை வாய்விட்டு வாசிப்பாள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு என் வாயையே பார்க்க வேண்டும். உதடு அசைந்தால் கை தூக்க வேண்டும். அவர்களுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் உண்டா? "டீச்சர், அசைஞ்சுது." "டீச்சர், கொஞ்சூண்டு அசைஞ்சுது." "டீச்சர், உதடு அசையல, தொண்டை அசைஞ்சுது." எனக்கு வாசகம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் வினை. அதனால் தெரியாததை வாசிக்கச் சொன்னேன். வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொன்னேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாதபோது உதடு தானாக நின்றது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. அதுவரை நான் யார் பேசியதையும் கேட்டதே இல்லை. அவர்கள் சொல்லப்போவது எனக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பில் காத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன். டிசம்பர் விடுமுறைக்குள் வகுப்பில் கை தூக்குவது நின்றுவிட்டது. அதற்கு அடுத்த படத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டார்கள். பிறகு எட்டுப் படம், எல்லாம் விடுமுறையில். எல்லாவற்றிலும் யாராவது பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். கேட்பதற்காகவே என்னைக் கூப்பிட்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. கேமராவுக்கு முன்னால் அடங்கிய என் உதடு உன் முன்னால் அடங்கவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நீ முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு முன்னால் ஞானப்பாடப் பரீட்சை நடந்தது நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. சாமியார் பலிபீடத்தைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகப் படியில் தன் எதிரே நிறுத்திக் கேட்டார். உன் முறை வந்தது. நீ அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாய். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் என் வாய் அசைந்தது. நீ ஒரு சொல் பிசகாமல் சொன்னாய். ஐந்தாவது கேள்விக்குச் சாமியார் திரும்பிப் பார்த்துவிட்டார். "என்ன டீச்சர், புதுநன்மை பையனுக்கா, உங்களுக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாயை வைத்தே பிள்ளை படித்துவிடுகிறானே என்று நினைத்தேன். சாமியார் அதற்குப் பிறகு உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உனக்கு எவ்வளவு தெரியும் என்று நம் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கும்.

அதோடு நிற்கவில்லை. காலேஜில் எந்தப் பாடம் எடுக்கிறாய் என்று கேட்டபோது என்னைப் பார்த்தாய். உன் அப்பா போன பிறகு, மாமா நம்மை அவர் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னபோது, உனக்குப் பதினைந்து வயது, என்னைப் பார்த்தாய். நான் உனக்கும் சேர்த்து முடியாது என்றேன். ஒரு வருஷம் கழித்து மறுபடி மேடை ஏறினேன். சொந்தக்காரர்கள் வருவது நின்றது. உனக்கு அது எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. பிள்ளைக்கு என்னைப் புரியும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் உன் சார்பில் நானே சொல்லிக்கொண்டேன். பெங்களூர் வேலைக்கு விண்ணப்பம் எழுதியது நான். காட்டூரில் பெண் பார்த்தபோது, "தம்பி என்ன சொல்றீங்க?" என்று ஸ்டெல்லாவின் அப்பா கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். "பிடிச்சிருக்குன்னு சொல்றான்" என்றேன். நீ ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இப்போது இன்னொருவர் வாயைப் பார்த்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவள் நான்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் காட்டூர் பஸ் ஏறினேன். தபாலில் பேசிக்கொள்வதைவிட நேரில் போய்ச் சொல்வது மரியாதை என்று தோன்றியது. ஸ்டெல்லாவின் அப்பா வாசலுக்கே வந்து கூப்பிட்டார்.

"வாங்க டீச்சரம்மா. வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா, மோரா?"

"ரெண்டும் சாப்பிடறேங்க. முதல்ல பேசிடலாம். அந்தத் தாளை நான் எழுதலைங்க. சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துல நாடகம் இருக்கு. எழுதிக் குடுத்துட்டு நடிச்சா பொய்யாயிடும்."

அவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "நான் உங்களைக் குறை சொல்லலைங்க. டீச்சரா ஊரே உங்களைக் கையெடுத்துக் கும்பிடுது. ஆனா கல்யாணத்துக்கு நாலு பேரு வருவாங்க, கேப்பாங்க."

"யாரு அந்த நாலு பேருன்னு சொல்லுங்க. நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

"சொல்றேன். போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாமியார் முதல் ஓலை வாசிக்கிறாரு. உங்க பேரைப் படிச்சதும் எனக்குப் பின்னாடி பெஞ்சுல, 'அட, சினிமாக்காரி சம்பந்தமா'ன்னு ஒருத்தன் சிரிக்கிறான். பூசையில, நன்மை வாங்கப் போற நேரத்துல. நான் திரும்பிப் பாக்கலை. திரும்பினா யாருன்னு தெரிஞ்சுடும். அப்புறம் அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

மகனே, அவர் பொல்லாதவர் இல்லை. மகள் கல்யாண ஓலையைச் சந்தோஷமாகக் கேட்க உட்கார்ந்தவர், அந்தச் சிரிப்பைத் தனியாகத் தாங்கியிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கசப்பு அங்கேயே போய்விட்டது. ஆனால் முடிவு மாறவில்லை. காரணத்தையும் அவரிடம் சொன்னேன். இப்போது எங்கள் குழுவில் நான்கு பெண்கள் இருக்கிறோம். அதில் இரண்டு பேர் அன்று எனக்கு எதிராகக் கை தூக்கிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். ஒருத்தி எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒத்திகைக்கு வருகிறாள். "டீச்சரே வராங்க, நான் போனா என்ன?" என்று சொல்லித்தான் அந்தப் பெண் வீட்டில் அனுமதி வாங்கியிருக்கிறாள். நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே அவள் அப்பாவும் ஒரு தாளை நீட்டுவார். இந்தத் தடவை நோட்டீஸில் எங்கள் நான்கு பேர் பெயரும் இருக்கிறது. மதர் ஓய்வு பெற்றுப் போகிறபோது, "இனிமே போட்டுக்குங்க டீச்சர், எனக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க பிள்ளையே சரின்னு எழுதியிருக்காரேங்க" என்று உள்ளே போய் உன் கடிதத்தை எடுத்து வந்து காட்டினார். 'தாங்கள் சொல்வது போலவே தாயாரைச் சம்மதிக்கச் செய்கிறேன்.' நான் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தேன். அப்போதுதான் ஸ்டெல்லா காப்பியோடு வந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"நீ உள்ள போம்மா."

"போறேன். சொல்லிட்டுப் போறேன். அத்தை நடிக்கிறது எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லப்பா. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவே பாத்திருக்கேன். எனக்கு வேற பயம். உங்களுக்கு எழுதின லெட்டர்ல 'தாங்கள் சொல்வது போல'ன்னு இருக்கு. கிறிஸ்மஸ் கார்டுல எனக்கு ரெண்டு வரி எழுதியிருந்தாரு, 'அம்மா சொல்வது போல எல்லாம் நல்லபடியாக நடக்கும்'னு. அவரு என்ன சொல்றாருன்னு இந்த வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பதில் சொல்ல எனக்கு வாய் வந்தது. உனக்கு என்ன பிடிக்கும், நீ எப்படிப்பட்டவன், உன் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு முழுப் பாடம் தயாராக இருந்தது. சொல்லவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அதைவிடக் கஷ்டமான வசனத்தை நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள அவரே எனக்குச் சொல்லட்டும் அத்தை. வேணும்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. உங்க நாடகத்தைப் பத்தி அவருக்கு என்ன தோணுதுன்னும் சொல்லட்டும், பிடிக்கலன்னாலும் பரவாயில்ல. ஒண்ணும் வரலன்னா, மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு சாமியார்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். அப்பா, நீங்க கூட வர வேண்டாம்." அவள் அப்பா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "காப்பி ஆறுது, சாப்பிடுங்க" என்று என்னிடம் சொன்னார். என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது, "அவ அம்மாவும் இப்படித்தான் இருந்தா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து, நீ ஸ்டெல்லாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதினேன். இரண்டு பக்கம். நன்றாகவே வந்திருந்தது. நீ அதைப் பார்த்து எழுதினால் போதும், ஞாயிறு காலை ஓலை வாசித்துவிடுவார்கள். இன்று காலை அதைத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். இதில் அதன் ஒரு வரிகூட இல்லை, தேடாதே.

உனக்குச் சொல்ல எனக்கு இருக்கிற புத்திமதி இவ்வளவுதான். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லப் பழகு, என்னிடமிருந்தே தொடங்கு. நான் மேடை ஏறுவது உனக்கு வெட்கமாக இருந்தால் அதை உன் சொல்லில் எழுது. நான் படிப்பேன். அதற்காக நிறுத்த மாட்டேன், அதற்காக உன்னைக் குறைவாக நினைக்கவும் மாட்டேன். கல்யாணம் வேண்டாம் என்றால் அதை அந்தப் பெண்ணிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் போக மாட்டேன். வேண்டும் என்றாலும் நீதான். சாமியார் வந்து கேட்டாலும், மாமா வந்து கேட்டாலும், உன் சார்பில் இனி எனக்கு ஒரு வார்த்தையும் கிடையாது.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைக்கும். தந்தி கொடுக்க நேரம் இருக்கிறது. ரயில் ஏறவும் நேரம் இருக்கிறது. சனிக்கிழமை ஆறரை மணிக்கு நான் ஸ்ரீரங்கத்தில் இருப்பேன், அதனால் வீட்டுக்கு வந்து என்னைத் தேடாதே. காட்டூர் வீட்டு விலாசம் உனக்குத் தெரியும்.

அம்மா